நாலுக்கு மூணா, பதினாறுக்கு ஒன்பதா?



இந்த மலரில் சிலர் கவிதை எழுதியிருப்பார்கள், சிலர் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருப்பார்கள். நான் சட்டத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பயப்படாதீங்க, கோர்ட்டில் பேசுற சட்டம் இல்லை. படத்தைச் சுத்தி நாலு பக்கமும் நிக்குதே, அந்தச் சட்டம்.

இன்னைக்கு நம்ம ஒவ்வொருத்தர் பாக்கெட்லயும் ஒரு வீடியோ கேமரா இருக்கு. ஐ.வி. போன பஸ், சிம்போசியம், ஆண்டு விழா, அக்கா கல்யாணம் எல்லாத்தையும் எடுக்கிறோம். எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜி.பி. என்று கேட்காத ஆளில்லை. ஆனால் ‘இதை என்ன விகிதத்தில் எடுக்கிறோம்?’ என்று கேட்கிற ஆளைத் தேடித்தான் பிடிக்கணும். மத்த தப்புகளைப் பிறகு கொஞ்சமாவது சரி பண்ணலாம். வெளிச்சம் கம்மியா, ஏத்திக்கலாம். சத்தம் இரைச்சலா, குறைச்சுக்கலாம். சட்டத்துக்கு வெளியே போனது போனதுதான். எந்த மென்பொருளாலும் அந்த நிஜத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அது என்ன விகிதம்?

படத்தின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் அகல உயர விகிதம். ஆங்கிலத்தில் ஆஸ்பெக்ட் ரேஷியோ. 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம் என்றால் 4:3, அதாவது 1.33. 16 பங்கு அகலம், 9 பங்கு உயரம் என்றால் 16:9, அதாவது 1.78. படம் பெருசா சின்னதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளங்கை செல்போனும் சுவர் அகல டிவியும் ஒரே விகிதத்தில் இருக்கலாம்.

நம்ம ஊர்க்காரங்களுக்குப் பனியன் துணியை வச்சுச் சொன்னாத்தான் புரியும். ஒரு டி-சர்ட்டில் நெஞ்சுப் பக்கம் வட்டமா ஒரு பிரிண்ட் இருக்குன்னு வையுங்க. ரெண்டு கையாலும் பக்கவாட்டில் இழுத்துப் பிடிங்க. வட்டம் முட்டையாகிவிடும். கையை விட்டால் துணி பழையபடி சுருங்கும், முட்டை மறுபடி வட்டமாகும். வீடியோவும் அதே மாதிரிதான். ஒரு விகிதத்தில் எடுத்ததை வேறு விகிதத் திரை முழுக்கப் பரப்பினால் உள்ளே இருக்கிற மனுசன் முட்டையாகிறான். ஒரே வித்தியாசம், துணி தானாகச் சுருங்கும். வீடியோவை நாமதான் சுருக்கணும்.

4:3 எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வில்லியம் டிக்சன் 1890-களின் தொடக்கத்தில் 35 மி.மீ. அகலப் படச்சுருளை உருவாக்கினார். இரண்டு ஓரத்திலும் பல்சக்கரம் மாட்டுவதற்குத் துளைகள். ஒரு படத்துக்கு நாலு துளை உயரம். துளைகளுக்கு நடுவே மிஞ்சின இடத்தில் அமைந்த படம் ஏறக்குறைய 4:3. உலக சினிமாவே அந்த அளவைப் பிடித்துக்கொண்டது.

நம்ம கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்த மௌனப்பட காலம் முழுக்க ஜனங்கள் பார்த்தது இந்த வடிவத்தைத்தான். படம் பேச ஆரம்பித்ததும் சுருளின் ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம் விட வேண்டி வந்தது. 1932-ல் ஹாலிவுட்டின் அகாடமி அமைப்பு 1.37 என்று வரையறுத்தது. பெரிய மாற்றம் இல்லை, அண்ணன் தம்பி மாதிரிதான்.

டெலிவிஷன் வந்தபோது அதுவும் சினிமாவைப் பார்த்து 4:3-ஐ எடுத்துக்கொண்டது. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியபோதும் 4:3. 2006-லிருந்து தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவசக் கலர் டிவி, அந்த 14 அங்குலப் பெட்டியும் 4:3. நம்ம தலைமுறையில் பல பேர் கார்ட்டூன் பார்த்து வளர்ந்ததே அந்தப் பெட்டியில்தான்.

சினிமா அகலமான கதை

வீட்டுக்குள்ளேயே டிவி வந்ததும் அமெரிக்காவில் தியேட்டருக்கு வரும் கூட்டம் குறைந்தது. டிவியால் காட்ட முடியாத ஒன்றைக் காட்டணும் என்று சினிமாக்காரர்கள் யோசித்தார்கள். விடைதான் சினிமாஸ்கோப். 1953-ல் ‘தி ரோப்’ படம் இந்த முறையில் வந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. படச்சுருள் அதே 35 மி.மீ. தான். கேமராவின் லென்ஸ் காட்சியை அகலவாக்கில் பாதியாக அமுக்கிப் பதிவு செய்யும். சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கதாநாயகன் ஒட்டடைக்குச்சி மாதிரி தெரிவார். தியேட்டர் புரொஜெக்டரின் லென்ஸ் அதே அளவுக்கு, அதாவது இரண்டு மடங்கு, விரிக்கும். கதாநாயகன் பழைய உடம்புக்கு வந்துவிடுவார். திரையில் விகிதம் 2.35-க்குப் பக்கத்தில் நிற்கும்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. ஏ.பி. நாகராஜன் இயக்கம், சிவாஜி கணேசன் நடிப்பு. அரண்மனை, கோயில், கூட்டம் எல்லாமே பக்கவாட்டில் பரவி நிற்கிற கதைக்கு அகலத் திரை பொருத்தம்தானே?

இந்த இடத்தில் ஒரு விதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அமுக்கினோமோ அவ்வளவே விரிக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பாக்கிக் கட்டுரை முழுக்க இந்த ஒரு வரிதான்.

16:9 பிறந்த கணக்கு

சரி, டிவி 1.33. சினிமாஸ்கோப் 2.35. நடுவில் 1.66, 1.85 என்று வேறு சில சினிமா அளவுகள். எச்.டி. டெலிவிஷன் என்று ஒன்றை 1980-களில் யோசித்தபோது அதன் திரை எந்த வடிவத்தில் இருக்கணும் என்று ஒரு கேள்வி வந்தது. கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் எல்லா அளவுகளையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக மையத்தில் அடுக்கிப் பார்த்தார். அத்தனையையும் உள்ளே அடக்குகிற வெளிச் செவ்வகமும், அத்தனைக்கும் பொதுவான உள் செவ்வகமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வந்தன.

நாமும் போட்டுப் பார்க்கலாம், ஃபர்ஸ்ட் இயர் கணக்குதான். 1.33-ஐ 2.35-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 1.77 வரும். 16-ஐ 9-ஆல் வகுத்தால் 1.78. இன்னொரு வேடிக்கை, 4/3-ஐ அதாலேயே பெருக்கினால் 16/9. அப்போ 16:9 என்பது யாருக்கும் முழு நஷ்டம் வராத பஞ்சாயத்துத் தீர்ப்பு. பழைய 4:3 படம் போட்டால் பக்கவாட்டில் கொஞ்சம் கறுப்பு, சினிமாஸ்கோப் போட்டால் மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு. இரண்டிலும் திரையில் கால் பங்குதான் வீண்.

பிக்சலில் ஒரு வில்லங்கம்

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைக்காதீங்க. பழைய டி.வி. கேமராவில், அதாவது மினி டி.வி. கேசட் போட்டு எடுத்த கேமராவில், நம் நாட்டுக்கான ‘பால்’ முறைப்படி (ஆவின் பால் இல்லீங்க, கலர் டிவி முறையின் பெயர்!) ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளிகள். வகுத்துப் பாருங்க, 1.25 வரும். 4:3-ம் இல்லை, 16:9-ம் இல்லை. அப்புறம் எப்படி? அங்கே புள்ளியே சதுரம் கிடையாது. 4:3-ல் புள்ளி கொஞ்சம் அகலம். அதே கேமராவில் 16:9 போட்டால் புள்ளிகளின் எண்ணிக்கை அதேதான், ஒவ்வொரு புள்ளியும் இன்னும் அகலம் என்று வைத்துக்கொள்ளணும்.

டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் இது எப்படித் தெரியும்? கோப்புக்குள் ‘என்னை இந்த விகிதத்தில் காட்டு’ என்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு தொலைந்தாலோ, தப்பாக எழுதப்பட்டாலோ முகம் உப்பும், அல்லது ஒடுங்கும். இன்றைய செல்போன் வீடியோவில் 1920 × 1080, புள்ளிகள் சதுரம், அதனால் இந்தத் தலைவலி குறைவு. ஆனால் பழைய கேசட்டையோ சி.டி.யையோ மாற்றும்போது இந்த வில்லங்கம் வாசலில் வந்து நிற்கும்.

இருப்பது மூணே வழி

ஒரு விகிதப் படத்தை வேறு விகிதத் திரையில் போட மூணே வழிதான் உண்டு.

ஒன்று, இழுப்பது. திரை நிறையும், மனுசன் கெடுவான். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தால் அகலம் மூணில் ஒரு பங்கு கூடிப்போகும். மூணு விரல் அகல முகம் நாலு விரல் ஆகிவிடும்.

இரண்டு, வெட்டுவது. திரை நிறையும், மனுசன் கெடமாட்டான். ஆனால் 4:3 படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடும்.

மூன்று, கறுப்புப் பட்டை விடுவது. திரை நிறையாது. ஆனால் எடுத்தது எடுத்தபடி முழுசா இருக்கும்.

கறுப்புப் பட்டையைக் கண்டால் நம்ம ஜனங்களுக்கு ஆகாது. ‘காசு கொடுத்து 43 இன்ச் டிவி வாங்கிட்டு ஓரத்தை எதுக்குச் சும்மா விடோணும்?’ என்று கேட்பார்கள். இதனால் என்ன நஷ்டம் வரும் என்று எங்க வீட்டு விஷயத்தையே சொல்கிறேன்.

எங்க வீட்டு இரண்டு கேசட்

எங்க அப்பா அம்மா கல்யாணம் 2001-ல் மூலனூர்ப் பக்கம் எங்க கிராமத்தில் நடந்தது. வி.எச்.எஸ். கேசட் இரண்டு. எங்க அம்மிச்சி நடந்து, பேசி, சிரிக்கிற படம் உலகத்தில் அந்த இரண்டு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. நான் மூணாவது படிக்கும்போது அம்மிச்சி போய்ச் சேர்ந்துட்டாங்க.

சில வருஷத்துக்கு முன்னால் அப்பா அந்தக் கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வந்தார். கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த ஒரு தடவை ஓட்டினதோடு நாடா அறுந்துபோச்சு. புது டிவியில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். அம்மிச்சி திரையில் வந்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “இது எங்கம்மா மாதிரியே இல்லியே சாமி, எங்கம்மா இத்தனை குண்டா இருந்ததே இல்ல. உடம்புக்கு முடியாம இருந்தாங்களோ அப்பவே?” என்று கேட்டாங்க.

எனக்கு அப்போது கண்ணில் பட்டது அம்மிச்சி பக்கத்தில் இருந்த குடம். அதன் வாய் படுத்த முட்டையாக இருந்தது. கடையில் 4:3 படத்தை 1920 × 1080 முழுக்க இழுத்திருந்தார்கள். எடிட்டிங் மென்பொருளில் அகலத்தை 1920-லிருந்து 1440 ஆக அமுக்கினேன். இரண்டு பக்கமும் 240 புள்ளி கறுப்பு வந்தது. குடம் உருண்டையானது. அம்மிச்சி ஒல்லியானாங்க. அம்மா திரைக்குக் கிட்டப் போய் நின்னுகிட்டாங்க. “ஆமா, இதுதான்”னு மட்டும் சொன்னாங்க.

இரண்டாவது கேசட்டுக்கு இந்த வைத்தியம் பலிக்கவில்லை. அதில் கடைக்காரர் இழுக்காமல் வெட்டியிருந்தார். வட்டமெல்லாம் வட்டமாகவே இருக்கிறது, முகமெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் மேலேயும் கீழேயும் எட்டில் ஒரு பங்கு இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில் அம்மிச்சி கீழே பாயில் உட்கார்ந்திருந்தாங்களாம். திரையில் அவங்க கொண்டையும் அதில் இருக்கிற பூவும் மட்டும் தெரியுது. கையில் கேசட்டும் இல்லை.

கடைக்கார அண்ணன் மேல் நான் கோபப்பட மாட்டேன். ‘டிவி முழுக்க வரணும்’ என்று கேட்பதே நாமதான். ஆனால் பாடம் ஒன்று இருக்கு நண்பர்களே. இழுத்ததைத் திரும்ப அமுக்கலாம். வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. உங்க வீட்டுக் கேசட்டை மாற்றக் கொடுக்கும்போது, ‘அண்ணா, 4:3-லயே இருக்கட்டும், பக்கத்துல கறுப்பு வந்தாப் பரவாயில்லை, வெட்டவும் வேண்டாம் இழுக்கவும் வேண்டாம்’ என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்க. ஒரு நிமிஷ வேலை.

அப்ப, எதில் எடுக்கிறது?

புதுசா எடுக்கும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, எங்கே பார்க்கப்போறாங்க? ஆண்டு விழா மேடையில் புரொஜெக்டர், வீட்டு டிவி, லேப்டாப் என்றால் 16:9, போனைப் படுக்கவைத்துப் பிடிக்கணும். செல்போனில் மட்டும் பார்க்கிற ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்றால் 9:16, போன் நின்னபடி. 2020-ல் இந்த இரண்டும் நம் நாட்டுக்கு வந்த பிறகு, நிமிர்த்தி எடுப்பது தப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் நிமிர்த்தி எடுத்ததை 16:9 திரையில் போட்டால் 1920 புள்ளி அகலத்தில் படம் நிற்பது 607 புள்ளியில். மூணில் இரண்டு பங்குக்கு மேல் கறுப்பு. படுக்கையில் எடுத்ததை நிமிர்ந்த போனில் பார்த்தாலும் இதே கதிதான்.

இரண்டாவது கேள்வி, எடுக்கிற பொருள் எந்த வடிவம்? எங்க ஊர்ப் பக்கம் வந்தால் இதைக் கண்ணாலேயே படிக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும்போது மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். அது 16:9-க்கென்றே அடுக்கினது மாதிரி இருக்கும். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் வரிசையும் அப்படித்தான். அதுவே முருங்கைத் தோட்டத்துக்குப் பின்னால் நிற்கிற காற்றாலையைப் படுக்கையில் எடுத்தால் ஒன்று இறக்கை வெட்டுப்படும், இல்லையென்றால் தூரம் போய்ப் போய்க் குச்சி ஆகிவிடும். நிமிர்த்தி எடுத்தால் கம்பீரம். ஒரு ஆள் நின்று மாடல் காட்டுகிற டி-சர்ட்டும் நிமிர்ந்த பொருள்தான். நிட்டிங் மிஷினை எடுக்கணும் என்றால், நூல் மேலேயிருந்து இறங்கித் துணியாகக் கீழே சுருள்வது வரைக்கும் காட்ட நிமிர்ந்த சட்டம். ஊசிகள் சுற்றுகிற இடத்தை மட்டும் காட்ட அகலச் சட்டம்.

மூன்றாவது கேள்வி, இரண்டு இடத்துக்கும் வேணுமா? அப்படியென்றால் போனைப் படுக்கவைத்து 4கே-யில், அதாவது 3840 × 2160-ல் எடுங்கள். முக்கியமான ஆளை நடு மூணில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். பிறகு நடுவிலிருந்து 1215 புள்ளி அகலத்தை எடுத்தால் 9:16 கிடைக்கும். செல்போனுக்குத் தேவை 1080 தான், தாராளமாகப் போதும். 1080-ல் எடுத்து இப்படி வெட்டினால் 607 புள்ளிதான் மிஞ்சும், படம் மங்கும்.

குறும்பட நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘சினிமாஸ்கோப் லுக்’ வேணும் என்று 16:9 படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை ஒட்டுகிறீர்களே, அங்கே 1080 வரியில் 800-சொச்சம்தான் படம். பாக்கி 270-க்கும் மேல் வெறும் கறுப்பு. கதைக்கு அகலம் வேணும் என்றால் எடுக்கும்போதே அதற்கு இடம் விட்டுச் சட்டம் வையுங்கள். கறுப்பை ஒட்டாமல் 1920 × 804 என்றே கோப்பை எடுங்கள். எந்தத் திரைக்கு எவ்வளவு பட்டை வேணும் என்பதைத் திரையே பார்த்துக்கொள்ளும். ஒட்டின பட்டையோடு வேறு வடிவத் திரைக்குப் போனால் நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து, உங்க படம் தபால் தலை ஆகிவிடும்.

வட்டச் சோதனை

கடைசியாக, காசில்லாத ஒரு கருவி தருகிறேன். எந்த வேலையை ஆரம்பிக்கும் முன்னாலும் ஒரு சாப்பாட்டுத் தட்டையோ பத்து ரூபாய் நாணயத்தையோ கேமராவுக்கு நேராக, சாயாமல் பிடித்து ஐந்து நொடி எடுங்கள். எடிட்டிங் முடிந்து கடைசித் திரையில் போட்டதும் அந்த வட்டத்தை ஸ்கேலால் அகலம், உயரம் இரண்டும் அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் எல்லாம் சரி. அகலம் மூணில் ஒரு பங்கு கூட இருந்தால் 4:3-ஐ 16:9-க்கு யாரோ இழுத்திருக்கிறார்கள். கால் பங்கு குறைவாக இருந்தால் 16:9-ஐ 4:3-க்குள் அமுக்கியிருக்கிறார்கள். வட்டம் பொய் சொல்லாது.

நண்பர்களே, டிப்ளமோ முடித்ததும் ஒருத்தர் திருப்பூர் கம்பெனிக்கும், ஒருத்தர் கோவைக்கும், ஒருத்தர் ஓசூருக்கும் போய்விடுவோம். இந்த மூணு வருஷத்தில் எடுத்த வீடியோதான் மிச்சம். அதை இருபது வருஷம் கழித்து எந்த வடிவத் திரையில் பார்ப்போம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதனால் மூலக் கோப்பை, எடுத்தது எடுத்தபடி, வெட்டாமல், இழுக்காமல் ஒரு பிரதி தனியாக வையுங்கள். ஸ்டேட்டஸுக்கு வெட்டுவதை அதன் நகலில் வெட்டிக்கொள்ளுங்கள். சட்டத்தின் ஓரத்தில் இன்றைக்கு யாரோ ஒருவராக நிற்கிறவரை நாளைக்கு நாம் தேடலாம்.